வலிக்கு எத்தனை மதிப்பெண்

ஜனவரி 14

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம். உன் சுகத்தையும் உன் வலது கையின் சுகத்தையும் தனித்தனியாக எழுதவும்.

"ஞாயித்துக்கிழமை போன்லதான் பேசுறோமே, கடிதம் எதுக்கு?" என்று அப்பா கேட்டார். கடிதம் எழுதுவது வலி ஆராய்ச்சி ஆஸ்பத்திரியில் உன் கைக்குக் கொடுத்த பயிற்சி, பதில் வந்தால்தான் நீ எழுதுவாய் என்று சொன்னேன். அது உண்மைதான், ஆனால் முழு உண்மை இல்லை. போனை அத்தை ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார். நீ இருமினால்கூட அதற்கு ஒரு அர்த்தம் சொல்கிறார்.

நீ பஸ் ஏறிய அன்று சாப்பிடும்போது நடந்த பேச்சை அப்படியே எழுதுகிறேன். எதையும் சேர்க்கவில்லை.

அத்தை: "மணிக்கட்டு உடைஞ்சது, கட்டு போட்டாங்க, கூடிடுச்சு. எக்ஸ்ரேல ஒரு கோடுகூட இல்ல. அதுக்கப்புறம் ஒரு வருஷமா துணி பட்டா எரியுது, காத்து பட்டா எரியுதுன்னா, அது கையில இல்ல தம்பி. வேற எங்கயோ இருக்கு."

அப்பா: "ஆறு மாசம் பாப்போம்க்கா. அங்கயும் ஒண்ணுமில்லன்னு வந்துட்டா, பழையபடி மெஷின்ல உக்காந்துட வேண்டியதுதான். அப்புறம் வலிங்கற பேச்சே எடுக்கக் கூடாது."

சீருடைக் கடை முதலாளியும் ஜூலை வரைதான் உன் தையல் மெஷினை வேறு யாருக்கும் தராமல் வைத்திருப்பாராம்.

என் பழைய அறிவியல் நோட்டின் பின்பக்கத்திலிருந்து உன் ஆராய்ச்சியைப் பற்றிக் குறிக்கத் தொடங்கியிருக்கிறேன். முன்பக்கத்தில் வேறு விஷயங்கள் இருக்கின்றன. உன்னை அங்கே என்ன செய்கிறார்கள் என்று ஒன்று விடாமல் எழுது.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
குருவி

---

ஜனவரி 29

குருவிக்கு அம்மா எழுதுவது.

உடம்பு பரவாயில்லை. கை அப்படியேதான். நீ நன்றாகச் சாப்பிடு.

இந்தப் பக்கத்தை முடிக்க நான்கு நாள் ஆனது. எழுத்து கோணல்மாணலாக இருக்கும், சிரிக்காதே.

காலையும் மாலையும் ஒரு மாத்திரை. கூடு மாதிரி, உள்ளே தூள். எங்கள் நாற்பது பேரில் பாதிப் பேருக்கு அசல் மருந்து, மீதிப் பேருக்கு வெறும் தூள். யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது. அந்த விவரத்தை உறையில் போட்டு ஒட்டி வைத்திருக்கிறார்கள்.

தினமும் வலிக்குப் பத்துக்கு எவ்வளவு என்று நாமே மதிப்பெண் போட வேண்டும். நான் எட்டு போட்டேன். நீ எட்டு வாங்கினால் மீதி இரண்டு எங்கே என்று கேட்பேன். இங்கே எட்டு என்றால் உட்காருங்கள் என்கிறார்கள்.

என் அறையில் இருப்பவர் பஸ் கண்டக்டர். கணுக்கால் உடைந்து கூடியபின் பாதம் எரிகிறது. "என்னம்மா, இன்னிக்கி எத்தனை ஸ்டேஜ்?" என்றுதான் வலியைக் கேட்பார்.

ஒன்று சொல்ல வேண்டும். இங்கே யாரும் கேட்காமல் கையைத் தொடுவதில்லை. "தொடலாமா?" என்கிறார்கள். முதல் நாள் எனக்கு அழுகை வந்துவிட்டது. எதற்கு என்று தெரியவில்லை.

அப்பாவையும் அத்தையையும் கேட்டதாகச் சொல்.

அம்மா

---

பிப்ரவரி 11

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் சுகம். அத்தைக்கு மட்டும் சளி. கண்டக்டரம்மாவின் பாதத்தையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

பொது நூலகத்தில் மூன்று நாள் உட்கார்ந்து படித்தேன். வெறும் தூளைத் தின்றவர்களிலும் சிலருக்கு வலி குறைகிறதாம். மருந்து அதைவிட அதிகமாகக் குறைக்கிறதா என்று பார்க்கத்தான் பாதிப் பேருக்குத் தூள். படித்ததும் எனக்குப் பயமாகிவிட்டது. உனக்குத் தூள் கிடைத்து, அதனால் குறைந்துவிட்டால் அத்தை என்ன சொல்வார் என்று நினைத்துப் பார்.

அதனால் ஒரு யோசனை. கூட்டைப் பிரித்து நாக்கில் வைத்துப் பார். கசந்தால் மருந்து, இனித்தால் சர்க்கரை. இது விதிக்கு எதிரானதாக இருக்கலாம். ஆனால் நம்மிடம் எதையும் மறைக்காதவர்கள் ஏன் உறையை ஒட்டுகிறார்கள்?

உன் கடிதத்தை அடிக்கோலால் அளந்தேன். முதல் வரியில் எழுத்தின் உயரம் நான்கு மில்லிமீட்டர். கடைசி வரியில் ஒன்பது. "பரவாயில்லை" என்ற சொல்லில் பேனா இரண்டு இடத்தில் தாளைக் கிழித்திருக்கிறது. நிஜமாகவே பரவாயில்லை என்றால் கை அப்படிக் கிழிக்காது.

உண்மையை மட்டும் எழுது.

குருவி

---

மார்ச் 6

குருவிக்கு அம்மா எழுதுவது.

நலமாக இருக்கிறேன். நீ படிப்பை விட்டுவிட்டு இதிலேயே இருக்காதே.

உன் யோசனையைக் கண்டக்டரம்மா உனக்கு முன்பே செய்துவிட்டார். அவருடையதையும் என்னுடையதையும் பிரித்து நுனி நாக்கில் வைத்தோம். இரண்டும் வேப்பெண்ணெய் மாதிரி கசந்தது. "ரெண்டு பேருக்கும் டிக்கெட் கிழிச்சாச்சு, உக்காரு" என்றார். இது டாக்டருக்குத் தெரியக் கூடாது.

போன வாரத்திலிருந்து கண்ணாடிப் பெட்டிப் பயிற்சியும் இருக்கிறது. வலது கையைப் பெட்டிக்குள் மறைத்துவிட்டு, இடது கையைக் கண்ணாடி முன்னால் அசைக்க வேண்டும். பார்த்தால் வலது கை அசைகிற மாதிரியே தெரியும். வலிக்காமல் அசைகிற என் வலது கையை ஒரு வருஷத்துக்குப் பிறகு பார்த்தேன்.

இப்போது மதிப்பெண் ஆறு. நேற்று நானே தலை சீவிக்கொண்டேன். சட்டைப் பித்தான் இரண்டு போட்டேன்.

அம்மா

---

மார்ச் 19

அன்புள்ள அம்மாவுக்கு,

அத்தையின் சளி எனக்கு வந்து போய்விட்டது. மற்றபடி சுகம்.

உன் கடிதத்தை அப்பா இரண்டு தடவை படித்தார். பித்தான் வரியில் அவர் விரல் நின்றது. அத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "எழுத்து முத்து முத்தா இருக்கே. கையெழுத்துப் போட்டிக்குப் போனாளா, வைத்தியத்துக்குப் போனாளா?" என்றார். "அங்க சமையல் இல்ல, துணி துவைக்கிறது இல்ல, மகாராணி மாதிரி உக்காந்து கண்ணாடி பாத்தா யாருக்குத்தான் வலி குறையாது?"

எனக்கு அத்தை பேச்சு பிடிக்கவில்லை. ஆனால் அளந்து பார்த்தேன். எழுத்து முழுவதும் நான்கு மில்லிமீட்டர். ஒரு கிழிசல்கூட இல்லை. ஐந்து வாரத்தில் இவ்வளவு மாற்றம் வருமா? கண்ணாடியும் கையை ஏமாற்றுகிற வித்தைதானே? கசப்புகூட ஏமாற்றாக இருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அந்தக் கட்டிடத்தில் எது நிஜம் என்று எனக்குப் புரியவில்லை.

அதனால் கேட்கிறேன், கோபப்படாதே. இந்தக் கடிதத்தை எழுதியது நீதானா, இல்லை நீ சொல்லக் கண்டக்டரம்மா எழுதினாரா? நமக்கு மட்டும் தெரிந்த கேள்வி: எனக்கு முதல் பல் விழுந்தபோது நீ தைத்த கவுனில் பை எங்கே இருந்தது?

குருவி

---

ஏப்ரல் 8

குருவிக்கு,

சுகம்.

பை உள்பக்கம் இருந்தது. இடுப்புத் தையலுக்குக் கீழே. விழுந்த பல்லை யாரும் பார்க்காமல் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நீ கேட்டாய். சிவப்பு நூல் தீர்ந்துபோய் பாதியை நீல நூலில் தைத்தேன்.

நான்தான் எழுதினேன். வலி குறைந்த நாளாகப் பார்த்து, ஒரு நாளைக்கு மூன்று வரி வீதம். மோசமான நாளில் எழுதினால் அளந்து பார்த்துக் கவலைப்படுகிறாய், நல்ல நாளில் எழுதினால் நான்தானா என்று கேட்கிறாய்.

உன் நோட்டில் இதையும் குறித்துக்கொள்.

அம்மா

---

மே 27

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் சுகம். நீ சுகம் என்று நம்புகிறேன்.

என் மார்ச் கடிதத்துக்கு மன்னிப்புக் கேட்டு நான் எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை. முதலில் தபால் தாமதம் என்று நினைத்தேன். பிறகு நீ கோபமாக இருக்கிறாய் என்று நினைத்தேன். இப்போது வேறு மாதிரி நினைக்கிறேன்.

போன ஞாயிறு போனில் அத்தை, "மாத்திரை முடிஞ்சிருச்சாமே, உறையப் பிரிச்சாங்களா? உனக்கு என்னவாம்?" என்று கேட்டார். நீ "இன்னும் சொல்லலைங்க அண்ணி" என்றாய். அப்போது பின்னாலிருந்து ஒரு பெண் குரல், "சொல்லிடேம்மா, எத்தனை நாளைக்கு மறைப்ப?" என்றது. உடனே லைன் சரியில்லை என்று வைத்துவிட்டாய். லைன் நன்றாகத்தான் இருந்தது. பின்னால் தண்ணீர்க் குழாய் சொட்டுவதுகூடக் கேட்டது.

அத்தை அப்பாவைப் பார்த்தார். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

உறையில் என்ன இருந்தது அம்மா? இதை ஸ்பீக்கரில் யாரும் கேட்க மாட்டார்கள். தாளில் எழுதி அனுப்பு. கடிதத்தைத் தபால்காரரிடமிருந்து நானே வாங்கிக்கொள்கிறேன்.

குருவி

---

ஜூன் 18

என் குருவிக்கு,

உடம்பு நலம். வலி நான்கு. சில நாள் மூன்று. இது உண்மை. இதை முதலில் எழுதிவிட்டால்தான் மற்றதை எழுத முடியும்.

எனக்குக் கிடைத்தது வெறும் தூள். கசப்பும் அவர்கள் கலந்ததுதான். எங்களைப் போல யாராவது நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள் என்று தெரிந்தே கலந்தார்களாம்.

கண்டக்டரம்மாவுக்கு அசல் மருந்து. அவர் பாதம் இன்னும் எரிகிறது. "டிக்கெட் எடுத்தது நானு, ஊர் போய்ச் சேந்தது நீ" என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டார். 

டாக்டரிடம் கேட்டேன். அப்படியானால் எனக்கு வலியே இருந்ததில்லையா என்று. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார். "உங்களுக்குத் தூள் மட்டுமா குடுத்தோம்? தினமும் பயிற்சி குடுத்தோம், கண்ணாடி குடுத்தோம், தினமும் உங்க வலியக் கேட்டு எழுதினோம். இதுல எதால குறைஞ்சதுன்னு உங்க ஒருத்தர வச்சு என்னால சொல்ல முடியாது. ஆனா இருந்தது வலிதான். அதுல எனக்குச் சந்தேகம் இல்ல" என்றார்.

நம் வீட்டில் யார் அப்படி நாற்காலியை இழுத்துப் போடுவார்கள்? தூள் என்ற ஒரு சொல் போதும். அத்தை எதுவும் பேசவே வேண்டாம், சிரித்தால் போதும். மறுநாள் காலை நான் மெஷினில் உட்கார்ந்திருப்பேன். எட்டு மணி நேரம் தைத்தால் இந்தக் கை மறுபடி என்ன ஆகும் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

அதனால் அசல் மருந்து என்று வீட்டில் சொல்லிவிடு. இல்லையென்றால் நான் இங்கேயே இருந்துவிடுகிறேன். ஆஸ்பத்திரித் துணி அறையில் அங்கிகளுக்கு நாடா தைக்க ஆள் வேண்டுமாம். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்தில் தொடங்கி, கை தாங்குகிற அளவுக்குக் கூட்டலாம் என்கிறார்கள்.

நீயாவது நம்புவாய் என்று உனக்கு எழுதவில்லை, உனக்குத் தெரியும் என்பதால் எழுதுகிறேன். அதைப் பற்றி இதுவரை கேட்டதில்லை, இப்போது கேட்டுவிடுகிறேன். போன நவம்பரில் ஒரு மத்தியானம் நான் தூங்கிக்கொண்டிருந்தபோது கையில் நெருப்பு வைத்த மாதிரி இருந்தது. விழித்துவிட்டேன். கண்ணை மட்டும் திறக்கவில்லை. பக்கத்தில் பென்சில் ஓடுகிற சத்தம் கேட்டது. அது யார் பென்சில் என்று எனக்குத் தெரியாதா? கோபம் வரவில்லை. பார்த்துவிட்டாள், இனி இந்த வீட்டில் ஒருத்திக்காவது தெரியும் என்று நினைத்தேன். அன்று சாயங்காலம் அத்தை எல்லார் முன்னாலும் "நடிப்பு" என்றார். நீ ஏதாவது சொல்வாய் என்று உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ குடிக்கத் தண்ணீர் கேட்டாய். நான்தான் ஊற்றினேன், இடது கையால்.

அம்மா

---

ஜூலை 2

அன்புள்ள அம்மாவுக்கு,

எல்லாரும் சுகம் என்று எழுத வராததால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நான்தான். ஒரு தடவை இல்லை, மூன்று ஞாயிற்றுக்கிழமை. நோட்டின் முன்பக்கத்தில் இருப்பது அதுதான். நீ தூங்கியபிறகு ஒரு சின்னப் பஞ்சை எடுத்து முதலில் இடது கையில் வைத்தேன், பிறகு வலது கையில். இடது கை மூன்று தடவையும் அசையவில்லை. வலது கை மூன்று தடவையும் இழுத்துக்கொண்டது. அத்தை சொல்வது சரியா என்று கண்டுபிடிக்கத்தான் செய்தேன். கண்டுபிடித்துவிட்டேன். பிறகு ஏன் சொல்லவில்லை என்றால், மூன்று சோதனை போதாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். சொன்னால் அத்தை என்னையும் உன்னோடு சேர்த்துவிடுவார் என்று பயந்தேன். தண்ணீர் கேட்டபோது எனக்குத் தாகம் இல்லை.

நீ சொல்லச் சொன்ன பொய்யை நான் சொல்லவில்லை. மன்னித்துவிடு. நேற்று சாப்பிட்டபிறகு உன் உறையில் இருந்தது தூள்தான் என்று சொன்னேன்.

அத்தை நீ சொன்ன மாதிரியே சிரித்தார். "மாவத் தின்னு போற வலிக்கு ஆறு மாசம் விடுதி வாசம்" என்றார். அப்பா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குறைஞ்சிருக்குன்னா, குறையறதுக்கு முன்னாடி ஒண்ணு இருந்திருக்கணும் இல்லையா அத்தை?" என்றேன்.

"பெரிய மனுஷி. இருந்துச்சுன்னு நீ பாத்தியா?"

"பாத்தேன்" என்று நோட்டை எடுத்து வந்து தேதியோடு படித்தேன். மூன்று ஞாயிறையும் விடாமல் படித்தேன்.

அத்தை, "தூங்குற மாதிரி படுத்திருப்பா. அதுக்கு ஒரு சோதனை, அதுக்கு ஒரு நோட்டு" என்றார்.

இரண்டாம் ஞாயிறுக்கு எதிரே நான் எழுதியிருந்ததை மறுபடி படித்தேன்: குறட்டை நிற்கவில்லை. குறட்டை விட்டுக்கொண்டே கையை இழுத்துக்கொண்டாள்.

அப்பா முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தினார். "குறட்டைய நடிக்க முடியாதுக்கா. அவ குறட்டைய நான் பதினஞ்சு வருஷமா கேக்குறேன்."

அத்தை, "எல்லாரும் டாக்டராயிட்டீங்க, நான் என்னத்தச் சொல்ல" என்று எழுந்து கை கழுவப் போனார். அவர் நம்பவில்லை. நம்புவார் என்று நான் உனக்கு எழுத மாட்டேன்.

அப்பா நோட்டை வாங்கித் தேதியைப் பார்த்தார். "நவம்பர்லயே தெரியுமா உனக்கு?" என்றார். ஆமாம் என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "பஸ்ஸ விட்டு இறங்கறப்ப நான் வழக்கமா அவ கையப் பிடிச்சு இறக்குவேன். கட்டு பிரிச்சப்புறமும் அப்படித்தான் இறக்கினேன். கைய உருவிக்கிட்டா. கூட்டத்துல வெக்கப்படுறான்னு நினைச்சேன்" என்றார்.

இன்று காலை சீருடைக் கடைக்குப் போய், மெஷினை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லிவிட்டு வந்தார். துணி அறை வேலை உனக்குப் பிடித்திருந்தால் நீ அங்கேயே இருக்கலாம், நாங்கள் வந்து பார்க்கிறோம் என்று எழுதச் சொன்னார். வருவதாக இருந்தால் அவரே பஸ் நிலையத்துக்கு வருவாராம்.

அங்கிருந்து வேலைக்குப் போனவரோடு பட்டறை வாசல்வரை நான் நடந்தேன். உள்ளே போனவர் திரும்பி வந்து, இதையும் சேர்த்து எழுதச் சொன்னார். "வந்து இறங்கறப்ப நான் எந்தப் பக்கம் நிக்கணும்னு கேளு."

உன்னிடம் கேட்காமல் பஞ்சு வைத்த,
குருவி

---

ஜூலை 11

குருவிக்கு அம்மா எழுதுவது.

சுகம். இன்றைக்கு வலி ஐந்து, அதனால் நீளமாக எழுதவில்லை. எழுத்தை அளக்காதே.

சனிக்கிழமை மத்தியான பஸ்ஸில் வருகிறேன். பத்து நாள் இருப்பேன். பிறகு என்ன என்பதை நாம் உட்கார்ந்து பேசுவோம். நோட்டை எடுத்து வை, நானும் பார்க்க வேண்டும்.

அப்பாவிடம் சொல்: இடது பக்கம்.

அம்மா